கொடைக்கானல் மேடையில் சிம்பொனிக் கலப்பு: சுருதியும் பேஸும் முதலில் முடிவாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதிலிருந்து, மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவையும் நம் இசையையும் ஒரே மேடையில் கேட்க வேண்டும் என்ற ஆர்வம் பலருக்கும் கூடியிருக்கிறது. கொடைக்கானல் கோடை விழாவிலும் அப்படி ஒன்று வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக வைக்கலாம். மலையில் அதற்கு ஆள் இருக்கிறது. பள்ளிகளில் வயலினும் செல்லோவும் கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள் இருக்கின்றன, மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கர்நாடக இசைக் கலைஞர்கள் மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறி வந்துவிடலாம். ஆனால் பத்து வயலினுக்கு நடுவே ஒரு மிருதங்கத்தை உட்கார வைத்து, கீபோர்டில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) பிடித்து, அதற்குச் 'சிம்பொனி' என்று பேனர் கட்டினால் இரண்டு இசைக்குமே மரியாதை இல்லை. எங்கே கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் கோளாறு சுருதியில். பாடுபவருக்கு ஒன்றரைக் கட்டை (ஆதார சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்) வசதி என்றால் அதையே வைத்துக்கொள்வது கச்சேரியில் இயல்பு. ஆர்கெஸ்ட்ராவுக்கு அது நரகம். ஒன்றரைக் கட்டை என்பது சி ஷார்ப். அதில் சங்கராபரணத்தை (மேற்கத்திய மேஜர் ஸ்கேலுக்கு இணையான ராகம்) எழுதினால் ஏழு ஷார்ப் வரும், டி ஃபிளாட் என்று மாற்றி எழுதினாலும் ஐந்து ஃபிளாட். அதைவிட முக்கியம், வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் எதிலும் ஷட்ஜமோ (ஸ) பஞ்சமமோ (ப) திறந்த தந்தியில், அதாவது விரல் வைக்காத தந்தியில், கிடைக்காது. ஷட்ஜ பஞ்சமம் திறந்த தந்தியில் அதிர்ந்தால்தான் தம்புராவோடு அந்தக் கருவிகள் ஒட்டும். ஒரு கட்டையில் (சி) வியோலாவுக்கும் செல்லோவுக்கும் இரண்டும் திறந்த தந்தியில் கிடைக்கும், வயலினுக்குப் பஞ்சமம் மட்டும். ஐந்து கட்டையில் (ஜி) நான்கு கருவிகளுக்கும் கிடைக்கும். இரண்டு கட்டையிலும் அப்படியே, டியும் ஏயும் எல்லாக் கருவியிலும் உண்டு. ஆகவே ஆண் குரல் என்றால் இரண்டு கட்டை, முடியாவிட்டால் ஒன்று. பெண் குரல் என்றால் ஐந்து. ஐந்தரைக்குப் பழகியவர் அரைக் கட்டை இறங்கிப் பாட முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். மிருதங்கக்காரருக்குக் கட்டையை எழுத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். ஐந்து கட்டை மிருதங்கத்தை வார் தளர்த்தி இரண்டு கட்டைக்கு இறக்க முடியாது. தாழ்ந்த சுருதிக்கென்றே உள்ள தக்கு சுருதி மிருதங்கமே வேண்டும். இது மேடைக்கு வந்தபின் தெரிந்தால் அன்றைய நிகழ்ச்சி அதோடு முடிந்தது.

சுருதிப் பெட்டியை ஏ 440க்கு (ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்ற மேற்கத்திய அளவு) வைத்துக்கொள்ளுங்கள். பல மாதமாகச் சுருதி பார்க்காத பியானோ அரங்கில் நின்றால் அதைத் தொடாமல் விடுவது உத்தமம். நன்றாகச் சுருதி சேர்த்த பியானோவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தம்புராவின் ஷட்ஜத் தந்தியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிட (க)ப் பியானோவின் காந்தாரம் 14 சென்ட் உயரம். ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட், அதனால் 14 என்பது சின்னக் கணக்காகத் தோன்றலாம். ஒரே சுரத்தை இழுத்து நிறுத்தும் நீண்ட கார்வையில் நிற்கும்போது அது நன்றாகவே உறுத்தும். வயலின் குடும்பமும் காற்றுக் கருவிகளும் காதால் கேட்டு இறங்கி ஒட்டிக்கொள்ளும். பியானோவுக்கும் கீபோர்டுக்கும் அந்த வழி இல்லை.

இரண்டாவது விஷயம் ஹார்மனி, அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பது. எங்கள் பார்வையில் கலப்பு முயற்சிகள் மிக அதிகமாகத் தோற்பது இங்கேதான். ராகத்தில் இல்லாத சுரத்தைக் கார்டில் சேர்க்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ராகத்தில் இருக்கும் சுரங்களை மட்டும் வைத்தே ராகத்தைக் கெடுக்க முடியும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

மோகனத்தை எடுத்துக்கொள்வோம். ஸ ரி க ப த. இதில் முழுமையாக அமையும் கார்டு இரண்டுதான்: ஸ-க-ப ஒன்று, த-ஸ-க மற்றொன்று. பஞ்சமத்தின் மேல் கார்டு கட்ட நிஷாதம் (நி) வேண்டும், மோகனத்தில் அது கிடையாது. சரி, த-ஸ-க இருக்கிறதே என்று டபுள் பேஸைத் தைவதத்துக்கு (த) இறக்கி ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) நிறுத்திப் பாருங்கள். கேட்பவர் காது அந்தத் தைவதத்தையே ஆதார ஷட்ஜமாக எடுத்துக்கொள்ளும். மேலே பாடகர் பாடுவது அதே ஐந்து சுரம்தான், ஆனால் காதில் விழுவது சுத்த தன்யாசி. பேஸ் காந்தாரத்தில் நின்றால் ஹிந்தோளம், ரிஷபத்தில் நின்றால் மத்தியமாவதி, பஞ்சமத்தில் நின்றால் சுத்த சாவேரி. கிரக பேதம் (ஆதார ஷட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றுவது) என்று தெரிந்தே இதைச் செய்து சில நொடிகளில் மூல ராகத்துக்குத் திரும்புவது வித்வானின் திறமை. நான்கு பாருக்கு (மேற்கத்திய இசை எழுத்தில் தாளத்தைப் பிரிக்கும் கட்டம்) ஒருமுறை பேஸ் தன் போக்கில் நகர்ந்து, யாருக்கும் தெரியாமல் ஐந்து ராகம் மாறிக்கொண்டிருப்பது வேறு சமாசாரம். கீழே தம்புரா விடாமல் ஷட்ஜத்தையே சொல்லிக்கொண்டிருக்க, பாடகர் எதைப் பிடித்துப் பாடுவார்?

அதனால் ஒரு விதியாகவே சொல்கிறோம். ராகம் நடக்கும் இடமெல்லாம் பேஸ் ஷட்ஜத்தில் அல்லது ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கும்படி நிற்கட்டும். பேஸ் நகர வேண்டும் என்று ஆசை இருந்தால், பாட்டு ஓய்ந்து ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கும் பகுதியில் நகரட்டும். அந்த நேரம் தம்புராவையும் சுருதிப் பெட்டியையும் முழுமையாக நிறுத்திவிட வேண்டும். அதைச் செய்யும் ஆள் யார் என்பதை ஸ்கோரிலேயே (எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து எழுதிய இசைப் பிரதி) குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் நிறுத்த மாட்டார்கள். மேலே நகரும் நடுக் குரல்களுக்குக் கார்டைவிட இரண்டாவது இழை ஒன்று பொருத்தம். வியோலாவும் இரண்டாம் வயலினும் அதே ராகத்தின் ஆரோகண அவரோகணத்துக்குக் கட்டுப்பட்டு மெதுவாக நகரும் ஒரு வரி போதும். பாடுபவர் கார்வையில் நிற்கும்போது அந்த வரி அசையட்டும். பாடுபவர் அசையும்போது அது நிற்கட்டும்.

முதல் முயற்சிக்கு ஹம்சத்வனி நல்ல தேர்வு. ஸ-க-ப, ப-நி-ரி, க-ப-நி என்று மூன்று முழுக் கார்டு அமைகிறது, சுரங்களும் பெரும்பாலும் நேராக நிற்கின்றன. சங்கராபரணம், கீரவாணி, சாருகேசி, கதனகுதூகலம் ஆகியவையும் ஒத்துப்போகும். தோடி, பைரவி, பேகடா, சஹானா, வராளி வேண்டாம். அவற்றுக்குக் குறைவில்லை, அவற்றின் உயிர் முழுக்க கமகத்தில் (சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைப்பதில்) இருக்கிறது, அவ்வளவுதான். ஒரே பகுதிக்குள் ராகத்தை மாற்றிக்கொண்டே போவதும் வேண்டாம். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு 1971-ல் பதிவான ரவிசங்கரின் சிதார் கன்சர்ட்டோவில்கூட நான்கு பகுதிக்கு நான்கு ராகம் என்றே அமைப்பு: கமாஜ், சிந்து பைரவி, அடாணா, மாஞ்ச் கமாஜ்.

கமகத்துக்கு வருவோம். தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடும் அசைவுதான் அந்தச் சுரம். ஒருவர் வாசித்தால் அழகு. எட்டு வயலின்கள் சேர்ந்து வாசித்தால் எட்டு அசைவும் எட்டு வேகத்தில் போய், மங்கலான ஓர் இரைச்சல்தான் மிஞ்சும். இதைத் தவிர்க்க சிலர் ஒவ்வோர் அசைவையும் முப்பத்திரண்டாம் பங்கு நோட்டுகளாக உடைத்து எழுதித் தருகிறார்கள். மேற்கத்திய வயலின்காரர் எழுதியதை எழுதியபடி, எல்லா நோட்டுக்கும் சம எடை கொடுத்து வாசிப்பார். விரல் பயிற்சி போல ஒலிக்கும். அவர்மேல் குறையில்லை. நம் வயலின்காரர் தரையில் அமர்ந்து வயலின் தலையைக் காலில் ஊன்றிக்கொள்வதால் இடக்கை முழுக்க சுதந்திரமாக மேலும் கீழும் வழுக்கிப் போகிறது. தோளிலும் தாடையிலும் பிடித்து வாசிப்பவருக்கு அந்தச் சுதந்திரம் அதே அளவில் கிடையாது.

கமகம் உள்ள வரியை ஒரே ஒரு தனிக் கலைஞரிடம் கொடுங்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கு நேர்ச்சுரங்களும், சிட்டைஸ்வரம் (முன்பே அமைத்த சுர வரிசை) போல விறுவிறுப்பாக ஓடும் பகுதிகளும், ஓய்ந்து நிற்கும் நியாச சுரத்தில் நீண்ட கார்வையும் போதும். எழுதும் முறைக்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. 1904-ல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் சுப்பராம தீட்சிதர் சுரத்தை எழுதி, அதன் தலைமேல் கமகக் குறி போட்டிருக்கிறார். ஸ்டாஃப் நொட்டேஷனிலும் எலும்புக்கூட்டு மெட்டை எழுதி மேலே குறி இடலாம். குறியின் பொருளை ஒத்திகையில் பாடிக் காட்டிக் கற்பிக்க வேண்டும். வில் போடும் இடத்தைக் கர்நாடக வயலின்காரரே குறித்துத் தரட்டும், ஒரு கமகத்தின் நடுவில் வில் திரும்பினால் அது இரண்டாக முறிந்துவிடும். இன்னொன்று: ஷட்ஜ பஞ்சமத்தில் வைப்ராட்டோ வேண்டாம் என்று பார்ட்டில் (அவரவர் கருவிக்கான பிரதி) எழுதியே தீர வேண்டும். பழக்கத்தால் விரல் நடுங்கும், அசையாத சுரம் அசைந்துவிடும்.

தாளம் எழுதுவதில் அடிக்கடி நேரும் தவறு எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில். ஆதி தாளத்தில் சமத்திலிருந்து (தாளச் சுற்றின் தொடக்கம்) ஒன்றரை அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) தள்ளி எடுக்கும் பாட்டை, எழுதுபவர் வசதிக்காக முதல் பாரின் முதல் நோட்டிலேயே தொடங்கிவிடுகிறார். கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் அருதி (பாட்டு வரி வந்து விழும் இடம்), தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு), மிருதங்கத்தின் கணக்கு எல்லாமே ஒன்றரை அட்சரம் பிசகிவிடும். முதல் பாரில் ஒன்றரை அட்சரம் ஓய்வு எழுதுங்கள், அதுதான் சரி. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபுவை 7/8 என்று எழுதினால் 3+2+2 என்று பிரித்துக் காட்டுங்கள். கண்டக்டர் ஏழு அடி அடிக்க வேண்டாம். நீளம், குட்டை, குட்டை என்று மூன்று அடி போதும்.

கோர்வையை (கணக்கிட்டு அமைத்துச் சமத்தில் வந்து விழும் தாளச் சொற்கட்டு) ஸ்கோரில் எப்படிக் காட்டுவது என்பதற்கு ஓர் உதாரணம். சதுச்ர நடை (அட்சரத்துக்கு நான்கு மாத்திரை) ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை, அதாவது நான்கு அட்சர பார் இரண்டு, பாருக்கு 16. 'ததிங்கிணதொம்' என்ற சொற்கட்டு ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை சொல்லி, இடையில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இங்கே இடைவெளி) விட்டால் மொத்தம் 17. சமத்துக்கு முன் இது முடிய வேண்டுமானால் முதல் பாரின் கடைசி மாத்திரையிலேயே தொடங்க வேண்டும். இதைப் பார் கோட்டுக்குள் அடக்கி நான்கு நான்காக இணைத்து எழுதினால் வாசிப்பவர் நான்கில் அழுத்துவார், கணக்கு கரைந்துவிடும். பார் கோட்டைத் தாண்டி ஐந்து ஐந்தாகவே இணைத்து, ஒவ்வொரு 'த'வின் மேலும் அழுத்தக் குறி போடுங்கள். 5/16 என்று தாளத்தை மாற்றவே கூடாது. கண்டக்டர் தன்பாட்டுக்கு நான்கை அடித்துக்கொண்டிருக்க, கணக்கு அதன்மேல் குறுக்கே ஓடிச் சமத்தில் வந்து விழுவதில்தான் சுவை.

தனி ஆவர்த்தனத்தில் (தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் பகுதி) ஆர்கெஸ்ட்ரா சும்மா இருக்கட்டும். தனி முடியப்போவதைக் காட்டும் மோரா வந்ததும் கண்டக்டர் கையைத் தூக்கினால் எல்லாரும் தயாராகிவிடுவார்கள், கோர்வை முடிந்ததும் எடுக்கலாம். இதற்குக் கண்டக்டர் அந்த மோராவையும் கோர்வையையும் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், வேறு வழி கிடையாது. பாட்டின் முடிவில் வேகம் குறைத்து நிறுத்துவது மேற்கத்திய வழக்கம். நம் தீர்மானம் காலப்பிரமாணம் (வேகம்) மாறாமல் விழ வேண்டும். இரண்டில் எது என்று முதல் ஒத்திகையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

இனி மலைக்கே உரிய தொல்லைகள். மே மாதத்திலும் கொடைக்கானலில் இரவு வெப்பம் 12, 13 டிகிரிக்கு இறங்கும். உயரத்தால் சுருதி இறங்குகிறது என்று சிலர் சொல்வது சரியல்ல. காற்றழுத்தம் குறையும்போது அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைவதால் ஒலியின் வேகம் மாறாது. குளிர்தான் காரணம். 30 டிகிரியில் நொடிக்கு 349 மீட்டர் போகும் ஒலி, 13 டிகிரியில் 339 மீட்டர்தான் போகும். கணக்குப்படி காற்றுக் கருவி அரைச்சுரத்தில் பாதி அளவு இறங்க வேண்டும். ஊதும் மூச்சின் சூட்டால் நடைமுறையில் அவ்வளவு இறங்காது, ஆனால் ஐந்து நிமிடம் வாசிக்காமல் மடியில் கிடந்த குழல் திரும்ப எடுக்கும்போது நிச்சயம் இறங்கியிருக்கும். வாசிக்கும் முறை வருவதற்கு முன்னாலேயே சத்தமில்லாமல் உள்ளே சூடான மூச்சை ஊதிக்கொள்ள வேண்டும். மேற்கத்திய ஃபுளூட்டைத் தலைப்பகுதியை உள்ளே தள்ளிச் சற்று ஏற்றலாம். மூங்கில் குழலுக்கு அது இல்லை, கொஞ்சம் தூக்கலான சுருதியில் இன்னொரு குழல் கையில் இருக்கட்டும். எஃகுத் தந்திகளோ குளிரில் சுருங்கி ஏறும். காற்று இறங்க, தந்தி ஏற, இரண்டும் எதிரெதிராக நகரும். சுருதி சேர்த்த பிறகு ஒருமுறை, நடுவில் ஒருமுறை என்று நேரம் ஒதுக்காவிட்டால் கடைசி உருப்படி கேட்க முடியாது.

மிருதங்கத்தின் தோல் மூடுபனியில் ஈரம் வாங்கித் தளர்ந்துவிடும். வலந்தலை (வலப்பக்க முகம்) மூட்டைத் தட்டித் தட்டி ஏற்றினாலும் சிறிது நேரத்தில் மறுபடி இறங்கும். கனல் அடுப்பின் அருகில் வைத்துக் காயவைக்கும் வேலை வேண்டாம், கரணை (தோலின் நடுவில் உள்ள கருப்புப் பூச்சு) வெடித்து உதிரும். தோலை நனைத்துச் சுருதி இறக்கும் கஞ்சிராவுக்கு அன்று தண்ணீரே தேவைப்படாது. வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் உலோகப் படிகள்) மெழுகில் பதிந்திருப்பவை. மலையடிவாரத்து வத்தலக்குண்டு வெயிலில் மூடிய வண்டியில் இளகி, மலையேறியதும் குளிரில் இறுகினால் மெட்டு இடம் பெயரும். வீணையைப் பொருள் வைக்கும் பின்பகுதியில் போடாமல் ஆள் உட்காரும் இடத்தில் வைத்து, முந்தின நாளே கொண்டுவந்துவிடுவது நல்லது. வயலின், செல்லோவெல்லாம் விலங்குப் பசையால் ஒட்டியவை, ஈரம் ஏறினால் மூட்டு விடும். இதற்காகவே சொல்கிறோம்: பூங்காவின் திறந்த மேடையில் ஆர்கெஸ்ட்ராவை உட்கார வைக்காதீர்கள். கூரையும் கதவும் உள்ள அரங்கம் வேண்டும். மாலை 7 மணிக்குப் பதிலாக 4 மணிக்குத் தொடங்கினால் குளிர் இறங்குவதற்குள் முடித்துவிடலாம்.

அமர்வு பற்றி ஒரு வார்த்தை. தரையில் அமர்பவர்களுக்கு ஒன்றரை அடி உயரத்தில் பலகை போட்டால் நாற்காலிக்காரர்களோடு கண் மட்டம் சேரும். மிருதங்கக்காரர் கண்டக்டரின் கையையும், கண்டக்டர் மிருதங்கக்காரரின் கையையும் பார்க்க முடிய வேண்டும். வீணைக்கு ஒட்டு மைக் கட்டாயம். அப்படியும் வீணை வாசிக்கும் இடத்தில் வயலின் பகுதிக்கு இருவர் மட்டும் வாசித்தால் போதும். நாகஸ்வரம் சேர்க்க விரும்புபவர்கள் அதற்குத் தனிப் பகுதி எழுதட்டும். தவிலோடு சேர்ந்தால் அதன் முன் தந்திக் கருவிகள் கேட்காது.

எண்ணிக்கையில் லண்டனைப் பார்க்க வேண்டாம். முதல் வயலின் 4, இரண்டாம் வயலின் 4, வியோலா 2, செல்லோ 2, டபுள் பேஸ் 1, ஃபுளூட் 1, கிளாரினெட் 1, ஹார்ன் 2. இந்த 17 பேர் ஒரு குரலுக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் தாராளம்.

பிள்ளைகளிடமிருந்து தொடங்க நினைத்தால் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. மேற்கத்திய பாண்டு மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தவர் அவர். 'ச்யாமளே மீனாக்ஷி'யின் மெட்டை நர்சரிப் பிள்ளைகள்கூட 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று அறிவார்கள். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. கமகம் குறைவு, எடுப்புச் சிக்கல் இல்லை, ஸ-க-ப, ப-நி-ரி கார்டுகள் இயல்பாக அமையும். மேற்கத்திய வயலின் கற்கும் பிள்ளையும் பாட்டு கற்கும் பிள்ளையும் ஒரே வாரத்தில் சேர்ந்து வாசித்துவிடலாம். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தவர் என்பதையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், வாசிக்கும் கைக்கு அது தெம்பு தரும்.

விழாவை நடத்துவோர் கவனிக்க வேண்டியது பணமும் நாளும். ராகம், சுருதி, உருப்படி மூன்றும் ஜனவரிக்குள் முடிவாக வேண்டும். ஸ்கோர் எழுதுபவருக்கும் பார்ட் பிரதி எடுப்பவருக்கும் தனியாகச் சம்பளம் ஒதுக்க வேண்டும், அது பாடகர் சன்மானத்துக்குள் அடங்காது. ஒத்திகை குறைந்தது ஆறு: தந்திக் கருவிகள் மட்டும் இரண்டு, கண்டக்டரும் மிருதங்கக்காரரும் மட்டும் உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஒன்று, எல்லாரும் சேர்ந்து இரண்டு, கடைசி ஒன்று அதே அரங்கில் அதே மாலை 4 மணிக்கு. பணம் போதவில்லை என்றால் ஆட்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், உருப்படியைக் குறையுங்கள். கண்டக்டரும் மிருதங்கக்காரரும் தனியாக அமரும் அந்த மூன்றாவது ஒத்திகையை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
இரு வகை இசையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
கொடைக்கானல்.